இடது பக்கத்து மூன்று கட்டங்கள்

ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று. எத்தனை முறை எண்ணினாலும் எட்டுதான் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க, அந்த எட்டில் இடப்பக்கத்து மூன்றை என்ன செய்வது என்பதுதான் என் கவலையாக இருந்தது. அந்த மூன்றில் யார் வந்து நின்றாலும் என் நண்பருக்குத் தெரியவில்லை. தெரியாமலே இருந்தால் அவருடைய காவற்காரன் சாவான். காவற்காரன் செத்தால் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் படுக்கையை விட்டு எழுந்து உட்கார மாட்டார் என்று பயந்தேன். இதைப் புரியவைக்க அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவிலிருந்து வந்த என் மைத்துனர் ஒரு அட்டைப்பெட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அதில் விதவிதமான பகடைகள் இருந்தன. நான்கு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று. கூடவே ஜெராக்ஸ் எடுத்த ஒரு புத்தகம். விளையாட்டு இதுதான்: ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். காவற்காரன், திருடன், வில்லாளி, இப்படி. குகைக்குள் போவார்கள், அரக்கர்கள் வருவார்கள், சண்டை நடக்கும். அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஜெயிப்பது தோற்பது என்று ஒன்றும் கிடையாது. ஆள் சாகாமல் இருந்தால் அடுத்த வாரமும் வரலாம்.

நான் அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தேன். எண்ணுவதுதான் வேலை. பகடைகளைப் பார்த்ததும் விட மனம் வரவில்லை. தினமும் காலையில் ஒரே மின்சார ரயிலில், ஒரே பெட்டியில் போகும் நால்வர் நாங்கள். நானும், சேலையூரில் இருந்த ஒரு பார்மசிஸ்டும் தாம்பரத்தில் ஏறுவோம். குரோம்பேட்டையில் என் நண்பர் ஏறுவார். தபால் பிரிக்கும் அலுவலகத்தில் இருந்தவர், சிட்லபாக்கத்தில் வீடு. பல்லாவரத்தில் ஏறுபவர் டெலிபோன் லைன்மேன், அனகாபுத்தூர்க்காரர், எங்களுக்கெல்லாம் பத்து வயது இளையவர். வண்டி தாம்பரத்தில் புறப்படுவதற்குள் எதிரெதிரே இரண்டு ஜன்னல் சீட்டிலும் கர்சீப் போட்டு வைப்பது என் பொறுப்பு. அப்படிப் பழகியவர்கள் நாங்கள். நானும் நண்பரும் ஒருவரையொருவர் 'சார்' என்றே கூப்பிட்டு வந்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட நினைவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நண்பர் வீட்டில் கூடுவோம். அவர்தான் சார்ட் பேப்பரில் அங்குலத்துக்கு அங்குலம் கோடு போட்டு, அட்டையில் ஒட்டி, பலகை செய்தார். நீளவாக்கில் இருபத்து நான்கு கட்டம், அகலவாக்கில் பதினெட்டு. கோடுகள் ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் அளந்து பார்த்திருக்கிறேன். செஸ் காய்கள்தான் எங்கள் ஆட்கள். அவருடைய காவற்காரன் கறுப்பு யானை. லைன்மேனின் திருடன் வெள்ளைச் சிப்பாய். பார்மசிஸ்டின் வில்லாளி குதிரை. அரக்கர்களுக்குச் சோடா மூடி. கதை நடத்துபவன் நான். என் குகைகள் எல்லாம் பல்லாவரத்துக் கல்குவாரிகளைப் போலவே இருக்கின்றன என்று லைன்மேன் குறை சொல்வார்.

அந்த ஜெராக்ஸ் புத்தகத்தில் நான்கு பக்கங்கள் இல்லை. சண்டையின்போது யார் எங்கே நிற்கலாம், யாரைத் தாண்டிப் போகலாம், விட்டுப்போன இடம் யாருக்கு என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய பக்கத்தின் கடைசி வரியில் ஒரே ஒரு விதி இருந்தது: ஒருவனுக்கு நேர் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு பேர் நின்றால், அவனை அடிப்பதற்குப் பகடையில் இரண்டு கூடுதல். அதற்கு நாங்கள் 'நெருக்கு' என்று பெயர் வைத்தோம். மீதியை நாங்களே எழுதிக்கொண்டோம்.

எங்களுக்குத் தெரிந்த நெரிசல் மின்சார ரயில் நெரிசல்தான். அதனால், கதவோரம் நிற்பவனை இடிக்காமல் யாரும் உள்ளே போக முடியாது என்று ஒரு விதி. ஒரு கட்டத்தை விட்டுப் போகிறவன் அதில் கர்சீப் போட்டுவிட்டுப் போனால், ஒரு சுற்று முடியும்வரை அந்தக் கட்டம் அவனுடையது என்று இன்னொரு விதி. நண்பரின் மனைவி பழைய சட்டைத் துணியை ஓர் அங்குலச் சதுரங்களாக வெட்டிக் கொடுத்தார். ஆளுக்கொரு நிறம்.

இதில் ஏதோ விசித்திரம் இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த பார்மசிஸ்டின் தம்பி ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அரக்கன் வர்றான். அந்தக் கட்டத்துல ஒரு கர்சீப் கிடக்கு. அதுக்காக அவன் நின்னுடுவானா?"

"பின்ன?" என்றார் லைன்மேன். "அதான் போட்டு கீதுல்ல."

"அவன் அரக்கங்க."

"அரக்கனா இருந்தா இன்னா? இன்னொருத்தன் போட்ட கர்சீப்பு மேல ஒக்காந்துடுவானா? நல்லாக் கீதே உங்க ஊரு நியாயம்."

நண்பர் நிதானமாகச் சொன்னார். "ஏதாவது ஒண்ண எல்லாரும் மதிக்கணும் சார். இல்லேன்னா ஏறவே முடியாது."

கர்சீப் விதியில் அவர் சேர்த்த நிபந்தனை ஒன்று உண்டு. கர்சீப்பை அவரவர் கையால்தான் போட வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் போடக் கூடாது. ரயிலில் நான் அவருக்காகத் தினமும் போடுகிறேனே என்று கேட்டேன். "அது தயவு சார். விளையாட்டுல தயவு வந்துட்டா அப்புறம் விளையாட வேண்டியதில்ல" என்றார்.

விதிகளைச் சமன்படுத்துவது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைச் செய்து பார்த்தவர்கள்தான் அறிவார்கள். கர்சீப் விதி வந்ததும் லைன்மேனின் திருடன் அரக்கனின் முதுகுப்பக்கத்துக் கட்டத்தில் கர்சீப்பைப் போட்டுவிட்டு எங்கேயோ சுற்றி வந்து, திரும்பவும் அங்கேயே நின்று குத்தினான். எல்லாச் சண்டையும் ஏழெட்டுப் பகடையில் முடிந்தது. ஒருவருக்கு ஒரு கர்சீப்தான் என்று குறைத்தேன். உடனே காவற்காரனின் பலம் ஏறிவிட்டது; குகை வாசலில் இரண்டு கட்டம் இருந்தால் ஒன்றில் அவன் நிற்பான், மற்றதில் அவன் கர்சீப் கிடக்கும். ஓர் அரக்கன்கூட உள்ளே வர முடியவில்லை. வாசலை மூன்று கட்டமாக்கினேன். வில்லாளி நிற்க இடமில்லாமல் போயிற்று. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்கியது. அலுவலகத்தில் எண்களைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதும் அதே நினைப்பு. எது தவறு என்பதை முதலில் கண்டுபிடிப்பவர் நண்பர்தான். தனக்குச் சாதகமான விதியாக இருந்தாலும் எடுக்கச் சொல்வார். பகடையை நான் மறைத்து உருட்டக் கூடாது, எல்லார் முன்னாலும் உருட்ட வேண்டும் என்று சொன்னவரும் அவரே. செத்தவன் செத்தவன்தான், திரும்பி வரக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். அவருடைய காவற்காரன் ஐந்து வருடமாகச் சாகவில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு காலை அவர் குரோம்பேட்டையில் ஏறவில்லை. நான் போட்டு வைத்த கர்சீப்பைத் தள்ளிவிட்டு, மீனம்பாக்கத்தில் ஏறிய ஒருவர் உட்கார்ந்துவிட்டார். நான் கர்சீப்பை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். மாலையில்தான் தகவல் தெரிந்தது. பக்கவாதம். இடது கை, இடது கால். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

நாங்கள் பயந்தபடி பேச்சு போகவில்லை. புத்தியும் போகவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, "வாசலை மூணு கட்டமா ஆக்கினீங்களே, அத ரெண்டாவே வெச்சுட்டு, கர்சீப்ப பாதிச் சுற்றுக்குக் கொறச்சா என்ன?" என்று கேட்டார். சரியான யோசனை. எனக்குத் தோன்றாமல் போன யோசனை. அழுகை வந்துவிடும்போல் இருந்தது. வெளியே வந்து வராந்தாவில் டியூப் லைட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அவர் முகத்தில் வலது பாதியை மட்டும் ஷேவ் செய்துகொண்டார். தட்டில் வலது பாதி உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் போடு என்றார். மனைவி தட்டைச் சுற்றி வைப்பார், மீதியையும் சாப்பிடுவார். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தட்டைச் சுற்றுவது அவராகவே கண்டுபிடித்த முறை.

பார்மசிஸ்ட் தன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டு வந்து எங்களுக்குச் சொன்னார். "கண்ணுல ஒண்ணும் இல்ல. லெஃப்ட் சைடுன்னு ஒண்ணு இருக்குங்கறதே அவர் மூளைக்கு இப்ப இல்ல. நமக்கு நம்ம முதுகுக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியாதுல்ல, அதப்பத்திக் கவலையும் படறதில்லல்ல, அந்த மாதிரி."

"சொன்னா புரியாதா அண்ணா?" என்றார் லைன்மேன்.

"சொன்னா சரிம்பார். அடுத்த நிமிஷம் மறுபடி இல்ல. எழுப்பி உக்கார வெக்கணும், லெஃப்ட் சைடுலேர்ந்து பேசணும், அந்தப் பக்கம் பாக்க வெக்கணுமாம். கொஞ்ச கொஞ்சமா வரலாம். வராமயும் போகலாம்."

நண்பர் மற்ற நாட்களில் வலப்பக்கச் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். எழுப்பி உட்கார வைத்தால் அலுத்துக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் செருப்புச் சத்தம் கேட்டால், "சட்டையப் போடு" என்று மனைவியிடம் சொல்லி, நாற்காலிக்கு வந்துவிடுவார். மூன்று மணி நேரம் நிமிர்ந்து உட்காருவார். மருந்து என்று அவருக்கு இருந்ததில் வேலை செய்தது அது ஒன்றுதான் என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்த யானைய மட்டும் பாத்துக்குங்க சார்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதல் ஞாயிற்றுக்கிழமையே இடப்பக்கத்திலிருந்து இரண்டு சோடா மூடிகள் வந்து யானையை ஒட்டி நின்றன. அவர் வலப்பக்கத்து மூடி ஒன்றோடு மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எதிரெதிரே இரண்டு பேர், ஆகவே நெருக்கு, ஆகவே பகடையில் இரண்டு கூடுதல். காவற்காரனுக்கு நாற்பத்திரண்டு உயிர்ப்புள்ளிகள், தீர்ந்தால் சாவு. அன்று ஒன்பது போயிற்று.

"யாரு அடிச்சது?" என்றார்.

"பக்கத்துல நிக்கிறான் சார், இடது பக்கம்."

பலகையைப் பார்த்தார். கவனமாகத்தான் பார்த்தார். "அங்க ஒருத்தரும் இல்லையே" என்றார்.

தட்டைச் சுற்றுவதுபோல் பலகையைச் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை. உப்புமா தட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும், அரக்கர்கள் இருக்க மாட்டார்கள். சுற்றியதும் அவருக்கு இரண்டு மூடிகள் புதிதாகத் தெரிந்தன. அதுவரை அவர் அடித்துக்கொண்டிருந்தவன் காணாமல் போனான். "இவங்க எப்ப வந்தாங்க? அவன் எங்க போனான்?" என்று கேட்டார். மூன்றாம் முறை சுற்றியபோது, "சார், பாக்கெட்லேர்ந்து எடுத்து வைக்கிறீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டார்.

அடுத்த வாரம் குகையை மாற்றி வரைந்தேன். இடப்பக்கம் முழுவதும் பாறை. அரக்கர்கள் வலப்பக்கமாக மட்டும்தான் வர முடியும். இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. ஆனால் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து வந்தால் எல்லாருடைய முதுகும் ஒரே பக்கம் இருக்கும். திருடன் பின்னால் நின்று குத்திக்கொண்டே போனான்.

லைன்மேன் பகடையைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணா, இன்னா அண்ணா இது? வரிசையா வந்து முதுக காட்டிகினு நிக்கிறானுங்க. பேஜாரா கீது. நான் குத்த குத்த எனக்கே பாவமா கீது."

நான் அவருக்குக் கண்ஜாடை காட்டினேன். புரிந்துகொண்டு, "சரி, சரி, குத்தறேன்" என்றார். ஆனால் நண்பருக்கு அது தெரியாமல் போகவில்லை.

"அவர் சொல்றது சரிதானே சார்? ரேஷன் கடை க்யூ மாதிரி வர்றாங்க. விதி சமமா இல்ல. எங்கேயோ நீங்க கைய வெச்சிருக்கீங்க."

பாதிப் பலகை தெரியாத மனிதருக்கு, பலகை சமமாக இல்லை என்பது தெரிந்தது. இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இன்னும் சில வழிகள் பார்த்தேன். காவற்காரனுக்கு இடது கையில் பெரிய கேடயம் கொடுத்தேன். அந்தப் பக்கத்து அடிகளுக்குப் பகடையில் மூன்று குறைவு. அவர் கேடயத்தை வலப்பக்கம் மாற்றிக்கொண்டார். எதிரிகள் அங்கேதானே இருக்கிறார்கள் என்றார். பார்மசிஸ்ட் தன் குதிரையை யானையின் இடப்பக்கத்தில் நிறுத்தினார். வில்லாளி கைகலப்பில் எத்தனை நேரம் தாங்குவான்? இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செத்தான். பார்மசிஸ்ட் வேறொரு வில்லாளியோடு வந்தார். முதல் வில்லாளி எங்கே போனான் என்று நண்பர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

காவற்காரனுக்குப் பதினோரு புள்ளிகள் மிஞ்சியிருந்தபோது, அந்த மூன்று கட்டங்களில் நடுக் கட்டத்தில் நான் ஒரு கர்சீப்பைப் போட்டேன். நண்பரின் நிறம், பச்சை. அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது போட்டேன். அரக்கன் வந்தான், கர்சீப்பைப் பார்த்தான், நின்றுவிட்டான். நெருக்கு விழவில்லை. மற்ற இருவரும் பார்த்தார்கள்.

கெடு முடியும்போதெல்லாம் அதை எடுத்து மறுபடி போட்டேன்; ஐந்து சுற்று அப்படிப் போயிற்று. பிறகு நண்பர் தன்னுடைய கர்சீப்பைத் தேடினார். வாசல் கட்டத்தில் போட வேண்டியிருந்தது. மேசையின் வலப்பக்கம் தேடினார், மடியில் தேடினார்.

"என் கர்சீப் எங்க?"

லைன்மேனுக்குப் பொய் வராது. "அண்ணா, அதான் போட்டு கீதே" என்றார்.

"எங்க?"

லைன்மேன் அவருடைய வலது கையைப் பிடித்து, மெதுவாகப் பலகைமேல் இடப்பக்கமாகக் கொண்டுபோய், துணியின் மேல் வைத்தார். நண்பர் அதைத் தடவிப் பார்த்தார். கை போன பக்கம் முகமும் கொஞ்சம் திரும்பியது. பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். அந்தத் துணியை எடுத்து, வலப்பக்கம் கொண்டுவந்து, முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நான் போடல."

"நீங்கதான் சார்…" என்று ஆரம்பித்தேன்.

"போட்டிருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும். என் புத்திக்கு ஒண்ணும் ஆகல. நீங்க போட்டீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அந்தக் கட்டம் காலி. வர வேண்டியவன் வரட்டும். பகடையப் போடுங்க."

"சார், இந்த ஒரு தடவ…"

"பகடையப் போடுங்க சார்."

எல்லார் முன்னாலும் உருட்டினேன். இருபது முகப் பகடையில் பதினான்கு விழுந்தது. நெருக்குக்கு இரண்டு கூட்டினால் பதினாறு, அடி விழப் போதுமான எண். கேடயம் அந்தப் பக்கம் இல்லை. அடுத்த பகடையில் அடி பன்னிரண்டு. பதினொன்றிலிருந்து பன்னிரண்டைக் கழிக்க யாருக்கும் நேரம் பிடிக்கவில்லை.

அவர் யானையைப் பலகையிலிருந்து எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "அடிச்சவனக் காட்டுங்க" என்றார். மூடி இருந்த இடத்தை விரலால் காட்டினேன். பலகையின் விளிம்புவரை பார்த்தார். அவரைப் பொறுத்தவரை விளிம்பு வலது பாதியோடு முடிந்துவிட்டது.

"இருபது வருஷமா உங்களத் தெரியும்" என்றார். "நீங்க ஏமாத்துவீங்கன்னு நான் நெனச்சதே இல்ல. கர்சீப்பும் நீங்களே போடறீங்க, இல்லாத ஆளும் நீங்களே வைக்கிறீங்க."

பார்மசிஸ்ட் ஏதோ சொல்ல வந்தார். நான் வேண்டாம் என்றேன். அந்த விளிம்பைத் தாண்டி இன்னொரு பாதி இருக்கிறது என்று அவரிடம் எத்தனையோ பேர் சொல்லியாயிற்று. என்மேல் சந்தேகப்படாமல் இருக்க அவருக்கு அந்தப் பாதி வேண்டும். அதை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்?

வாசல்வரை அந்த அம்மாள் வந்தார். தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. "மனசுல வெச்சுக்காதீங்க சார். என்னையும்தான் சொல்றார். பாதிச் சோறுதான் போடறேனாம். பக்கத்து வீட்டு அக்காகிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணிருக்கார்" என்றார். சிரித்தார். அப்புறம், "யானை செத்துப்போச்சுல்ல, அடுத்த வாரம் என்ன பண்றது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை.

வியாழக்கிழமை, அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு வந்த லைன்மேன் மூலம் தகவல் வந்தது. அடுத்த வாரம் நண்பரே கதையை நடத்துவாராம். குகையைக்கூட யோசித்து வைத்துவிட்டாராம். "காலைலேர்ந்து ஒக்காந்துகினு வரையறாராம் அண்ணா. அக்கா சொல்லிச்சு, படுக்கவே இல்லியாம்" என்றார் லைன்மேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. நான் அங்கே வருவதை அவர் விரும்புவாரா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் சொல்லல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நடத்துபவருடைய நாற்காலி இப்போது அவருடையது. பீரோவுக்கு முன்னால் போட்டிருந்தது. வாசல் அதற்கு வலப்பக்கம். வலப்பக்கத்து இரண்டு நாற்காலிகளில் மற்ற இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது இடப்பக்கம். தற்செயலாக அமைந்தது என்று சொல்ல முடியாது. பார்மசிஸ்ட், "யாராவது அந்தப் பக்கம் உக்காரணும் சார், டாக்டர் சொன்னாரே" என்றார். வைத்தியன் ஒருவனை எனக்கு ஆளாக வைத்துக்கொண்டேன். செஸ்ஸில் மந்திரி. பலகையின் என் பக்கத்துக் கட்டம் ஒன்றில் நிறுத்தினேன்.

மனைவி அவரைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார். வணக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏமாற்றுக்காரன் என்று சொல்லப்பட்டவன் முதலில் பேசுவதா, சொன்னவர் முதலில் பேசுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்.

நன்றாக நடத்தினார். என்னைவிட நன்றாக. குரலில் பழைய நிதானம் இருந்தது. குகை முழுவதும் வலது பாதியில்தான் வரைந்திருந்தது. அந்தப் பாதியில் ஒரு கோடு பிசகவில்லை. அரக்கர்கள் வந்தார்கள். லைன்மேனை அடித்தார்கள், பார்மசிஸ்டை அடித்தார்கள். எட்டுக் கட்டம் இருந்த ஆளைச் சுற்றி ஐந்து கட்டங்களில்தான் யாரும் வந்து நின்றார்கள், ஆகையால் முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் ஆள் வந்தால் தவிர நெருக்கு விழ வழியில்லை; அன்று விழவே இல்லை. ஐந்து வருடமாக என்னால் கொண்டுவர முடியாத சமன் அதில் இருந்தது. "இப்பதான் ஆட்டம் நேர்மையா இருக்கு" என்றார் அவர்.

முதல் சுற்றில் என் முறை வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. லைன்மேன் என்னைப் பார்த்து, எழுந்து இந்தப் பக்கம் வந்துவிடுங்கள் என்பதுபோல் தலையசைத்தார். பார்மசிஸ்ட் வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினார். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஏழாவது சுற்றில் திருடனுக்குக் காயம் பட்டது. வைத்தியன் தேவைப்பட்டான்.

"சார்" என்றேன். "நான் இருக்கேன்."

அவர் நிறுத்தினார். குரல் காதில் விழுந்தது முகத்தில் தெரிந்தது. முகம் மலர்ந்ததும் தெரிந்தது. தலையைத் திருப்பினார், வலப்பக்கமாக. பார்மசிஸ்டைத் தாண்டி, லைன்மேனைத் தாண்டி, வாசல்வரை பார்த்தார்.

"சார்" என்று மறுபடி கூப்பிட்டேன்.

"வந்துட்டார்" என்றார் மனைவியிடம். "வாசல்ல நிக்கிறார் பாரு. கோவிச்சுக்கிட்டார், இனிமே வரமாட்டார்னுதான் நெனச்சேன். கதவத் திற. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலன்னு சொல்லு."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு போய்க் கதவைத் திறந்தார். வெளியே தண்ணீர் வடிந்து சேறாகக் கிடந்த தெரு தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன். வாசலுக்குப் போக வேண்டுமானால் அவருக்கு முன்னால், இடமிருந்து வலமாக நடந்து போக வேண்டும். எந்த இடத்தில் அவருக்கு நான் தெரிய ஆரம்பிப்பேன், தெரிந்ததும் எங்கிருந்து முளைத்தேன் என்று நினைப்பார், இதையும் ஓர் ஏமாற்று என்று எடுத்துக்கொள்வாரா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்த கதவைப் பார்த்தபடி, நான் உள்ளே வருவதற்காகக் காத்திருந்தார்.